ஹாப்ஸ் வகைகளும் அவற்றைத் தேரும் நெறியும்

தண்ணீர், முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையாகிய மால்ட், ஈஸ்ட், ஹாப்ஸ் என்னும் நான்கு பதார்த்தங்களால் உருவாகும் பியரில், ஹாப்ஸ் நிறையளவில் சொற்பமாகவே சேருகிறதென்றாலும், அந்தப் பானத்தின் கசப்பையும் பரிமளத்தையும், கெடாமல் நிற்கும் காலத்தையும் பெரும்பாலும் நிர்ணயிப்பது அதுவேயாதலால், எந்த வகை ஹாப்ஸைக் கொள்வது என்ற விசாரணை பியர் காய்ச்சுவோரிடையே தலைமுறை தலைமுறையாக ஓயாமல் நடந்து வருகிறது. இன்று உலகில் வியாபாரத்துக்காகப் பயிராகும் வகைகள் இருநூறுக்கும் மேற்பட்டவை. ஒவ்வொன்றுக்கும் விற்பனையாளர் அச்சிட்டுத் தரும் தாளில், ஆல்ஃபா அமிலம் இத்தனை சதவீதம், எண்ணெய் இத்தனை மில்லிலிட்டர், வாசனை எலுமிச்சை, ரோஜா, ஈரமண், மிளகு என்று விவரங்கள் நிரம்பியிருக்கும். அவற்றைப் பக்கத்தில் பரப்பி வைத்துக்கொண்டு, இவற்றுள் எது சிறந்தது என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அப்படிக் கேட்டால் விடை கிடைக்காது. கொதிகலத்தில் எந்தப் பொழுதில், எந்த நீரில், எந்த மால்ட்டுக்குத் துணையாக, எந்தக் காரியத்துக்கு என்று கேட்கும்போதுதான் வகைகளின் குணபேதங்கள் பொருள்படத் தொடங்குகின்றன என்பதே நான் இங்கு நிலைநாட்ட விரும்பும் அபிப்பிராயம்.

ஹாப்ஸ், கஞ்சாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்த, பல்லாண்டு வாழும் கொடி. வேர் மண்ணுக்குள் தங்கியிருக்க, மேற்கொடி மட்டும் ஆண்டுதோறும் வசந்தகாலத்தில் புதிதாய் எழுந்து, கட்டிவிட்ட கயிற்றைப் பற்றி வலஞ்சுழியாகச் சுற்றி ஏறி, கோடை முடிவதற்குள் ஆறு ஏழு மீட்டர் உயரத்தை எட்டிவிடும். ஆண்கொடியும் பெண்கொடியும் வெவ்வேறு. காய்ச்சுவோருக்கு வேண்டியது பெண்கொடியின் கூம்பு வடிவமான பூங்கொத்து. அதன் செதில்களின் அடியில் மஞ்சள் பொடிபோல் ஒட்டியிருக்கும் லூப்புலின் சுரப்பிகளில்தான் கசப்புக்குக் காரணமான பிசினும் வாசனைக்குக் காரணமான எண்ணெயும் அடங்கியிருக்கின்றன. பகற்பொழுது நீண்டு பின் குறையும் கணக்கை அநுசரித்தே இக்கொடி பூக்குமாதலால், நிலநடுக்கோட்டுக்கு வடக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ 35 முதல் 55 பாகை வரையுள்ள பிரதேசங்களிலேயே இது செழிக்கிறது. இந்தியாவில் இமாசலப் பிரதேசத்தின் லாகௌல் பள்ளத்தாக்கில் இது பயிரிடப்பட்டதுண்டு. நம் தென்னாட்டின் சமமான பகலிரவுகள் இதற்கு ஒவ்வா.

இக்கொடி பியரில் ஏறிய சரித்திரத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை. கி.பி. 822-இல் பிரான்ஸ் நாட்டுக் கோர்பி மடத்தின் தலைவர் அடல்ஹார்ட் வகுத்த விதிகளில் ஹாப்ஸ் குறிப்பிடப்படுகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஹில்டகார்ட் என்ற துறவியார் அதன் கசப்பு பானங்களைக் கெடாமல் காக்கும் என்று எழுதினார். 1516-இல் பவேரியாவின் பிரபுக்கள் வாற்கோதுமை, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறொன்றும் பியரில் சேரலாகாது என்று சட்டம் செய்தார்கள். அதற்கு முன்னர் பல மூலிகைகளின் கலவையே பியருக்கு மணமூட்டி வந்தது. அம்மூலிகைகளை ஹாப்ஸ் வென்றதற்குக் காரணம் ருசி மட்டுமன்று. பியரைப் புளிக்கச் செய்யும் லாக்டிக் பாக்டீரியங்களை அடக்கும் சக்தி அதன் பிசினுக்கு இருந்ததே முக்கிய காரணம்.

கசப்பு எவ்வாறு உண்டாகிறது என்பதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். பிசினில் உள்ள ஆல்ஃபா அமிலங்கள் தம் இயல்பான நிலையில் மால்ட் சாற்றில் எளிதில் கரைவதில்லை. ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் என்று சாற்றுடன் சேர்த்துக் கொதிக்க வைக்கும்போது, அவற்றின் அணுக்களின் சேர்க்கை மாறாமல் அமைப்பு மட்டும் மாறி, கரையக்கூடியதும் கசப்பானதுமான ஐசோ ஆல்ஃபா அமிலங்களாகின்றன. ஒரு லிட்டர் பியரில் இவ்வமிலம் ஒரு மில்லிகிராம் இருந்தால் அதனை ஒரு கசப்பு அலகு என்று ஏறக்குறையக் கொள்ளலாம். இருபது லிட்டர் பியருக்கு 30 அலகு கசப்பு வேண்டுமானால், அதற்கு 600 மில்லிகிராம் ஐசோ அமிலம் வேண்டும். கலத்தில் இடும் ஆல்ஃபா அமிலத்தில் நூற்றுக்கு முப்பது பங்கே இவ்வாறு பயன்படுகிறதென்று கொண்டால், 2 கிராம் ஆல்ஃபா அமிலம் இட வேண்டும். நூற்றுக்கு நான்கு பங்கு ஆல்ஃபா அமிலமுள்ள செக் நாட்டுச் சாட்ஸ் வகையானால் இதற்கு 50 கிராம் தேவை. பதின்மூன்று பங்குள்ள ஜெர்மானிய மாக்னம் வகையானால் 15 கிராமே போதும்.

பெரிய தொழிற்சாலைகள் இந்த எளிய கணக்கினாலேயே ஆளப்படுகின்றன. கசப்பை மட்டும் விலைக்கு வாங்குபவர் கிலோ கணக்கில் விலை பேசுவதை விட்டு, ஆல்ஃபா அமிலத்தின் கணக்கில் பேசுவதும், வளர்ப்போர் அதற்கேற்ப அமிலம் மிகுந்த வகைகளையே நாடுவதும் இயல்பு. பொருளாதார நியாயத்தில் குறைகாண இடமில்லை. ஆனால் 50 கிராம் கூம்பை இடும்போது, அதே 2 கிராம் அமிலத்தோடு, 15 கிராமில் வாராத பச்சிலைப் பொருளும் துவர்ப்புள்ள பாலிபீனால்களும் கூடவே கலத்தில் இறங்குகின்றன. மென்மையான, வெளிறிய லாகர் பியரில் அவை கசப்புக்கு ஒரு கனத்தையும் நிறைவையும் தருகின்றன என்பது அநுபவஸ்தர் பலருடைய துணிபு. எனக்கும் அதுவே உடன்பாடு. கறுத்து வறுத்த மால்ட்டால் ஆன ஸ்டௌட் பியரிலோ, இந்த நுண்மை வறுவல் ருசியினடியில் மறைந்துபோகுமாதலால், அங்கே சாட்ஸைக் கொட்டிக் கசப்பேற்றுவது வீண்செலவு.

கசப்பின் தன்மையைப் பற்றி நெடுங்காலம் ஒரு வாதம் நடந்தது. ஆல்ஃபா அமிலங்களுள் கோஹ்யூமுலோன் என்ற ஒன்று மிகுந்தால் கசப்பு முரடாகும் என்று 1972-இல் ரிக்பி என்ற ஆராய்ச்சியாளர் எழுதிய கட்டுரையைப் பிரமாணமாகக் கொண்டு, கோஹ்யூமுலோன் குறைந்த வகைகளையே வளர்க்க வேண்டும் என்ற நியதி பல நாடுகளில் பரவியது. பிற்காலச் சோதனைகள் இம்முடிவை முழுமையாக ஆதரிக்கவில்லை. அவ்வமிலம் சற்று அதிகமாகக் கரைந்து சற்று அதிகக் கசப்பைத் தருகிறதென்பதும், முரட்டுத்தனம் என்று கருதப்பட்டதில் ஒரு பகுதி அளவு மிகுதியால் வந்ததென்பதும் இன்றைய கருத்து. ஆகையால் அச்சிட்ட தாளில் அந்த எண்ணை மட்டும் கண்டு ஒரு வகையைத் தள்ளிவிடுவது நியாயமன்று.

இனி இவ்வகைகள் எங்கிருந்து வந்தன என்பதைப் பார்ப்போம். தேர்வின் சிக்கல்கள் பெரும்பாலும் அந்த வரலாற்றிலேயே முளைத்தவை. பழங்காலத்து வகைகள், தத்தம் ஊர் மண்ணில் தாமே நிலைபெற்றவற்றிலிருந்து உழவர் கண்ணால் கண்டு பொறுக்கிப் பெருக்கியவை. இங்கிலாந்தின் கெண்ட் மாகாணத்துக் கோல்டிங், பவேரியாவின் ஹாலர்டௌ பிரதேசத்து மிட்டல்ஃப்ரூ, பொஹீமியாவின் சாட்ஸ் முதலியன இவ்வினம். குறித்த நோக்கத்தோடு இருவகைகளைக் கலந்து புதுவகை படைக்கும் முயற்சி, கெண்டிலுள்ள வை கல்லூரியில் எர்னஸ்ட் சால்மன் என்ற பேராசிரியர் 1906-ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கியபோதுதான் முறையான சாஸ்திரமாயிற்று. கனடாவின் மனிட்டோபா மாகாணத்தில் மார்டன் என்னும் ஊரருகே காட்டில் படர்ந்திருந்த ஒரு ஹாப்ஸ் கொடியின் துண்டு 1916-இல் அவருக்கு வந்து சேர்ந்தது. அவர் நட்டு வளர்த்த அந்தக் கொடி சில ஆண்டுகளில் குளிர்காலத்தில் பட்டுப்போனது. ஆயினும் அதற்குள் அது ஈன்ற விதைகளிலிருந்து முளைத்த நாற்றுகளில் இரண்டு, ப்ரூவர்ஸ் கோல்ட் என்றும் புல்லியன் என்றும் பெயர் பெற்று, முறையே 1934-இலும் 1938-இலும் வெளிவந்தன. அன்றிருந்த ஆங்கில வகைகளைக் காட்டிலும் இவற்றின் பிசின் மிக அதிகம். காட்டுக்கொடியின் இரத்தம் கலந்ததனால் வந்த சக்தி அது.

அன்றைய ஆங்கிலப் பியர் காய்ச்சுவோர் இவற்றை உவந்து ஏற்றார்களா என்றால், இல்லை. கறுந்திராட்சையையும் பூனை மூத்திரத்தையும் ஒருங்கே நினைவூட்டும் ஓர் அமெரிக்க வாடை இவற்றில் வீசுகிறதென்று முகஞ்சுளித்து, கசப்புக்காக முதற்கொதியில் மட்டும் இட்டு, வாசனைக்குத் தங்கள் கோல்டிங்கையே கைவிடாமல் வைத்துக்கொண்டார்கள். அந்த வாடைக்குக் காரணம் கந்தகம் சேர்ந்த தயோல் என்னும் சேர்மங்கள் என்று பின்னாளில் இரசாயனிகள் கண்டறிந்தார்கள். லிட்டருக்கு நானோகிராம் அளவில் இருந்தாலே மூக்குக்குப் புலப்படும் அவை, மிகச் சொற்ப அளவில் மாம்பழத்தையும் பேஷன் பழத்தையும் நினைவூட்டுவன, மிகுந்தால் அருவருப்பாவன. இன்று சிட்ரா, சிம்கோ, மொசேக் என்னும் அமெரிக்க வகைகளை வாங்குவோர் பெருவிலை கொடுத்துத் தேடுவது இதே குடும்பத்துச் சேர்மங்களையே. ஒரு தலைமுறை தோஷம் என்று தள்ளியதை மற்றொரு தலைமுறை குணம் என்று கொண்டாடும்போது, வகைகளின் தரவரிசை என்று எழுதி வைக்கத்தக்கது ஒன்றுமில்லை என்பது விளங்கும்.

சால்மன் படைத்தவை மேலும் பலவற்றுக்குத் தாயும் பாட்டியும் ஆயின. அவருடைய நார்தர்ன் ப்ரூவரிலிருந்து ஜெர்மனியின் பெர்ல் பிறந்தது. ப்ரூவர்ஸ் கோல்டின் வழிவந்த அமெரிக்கக் கலீனாவிலிருந்து மாக்னம் பிறந்தது. ஜெர்மனியில் இந்த ஆராய்ச்சிக்கு வித்திட்டது ஒரு நோய். பொய்ச்சாம்பல் நோய் 1920-களில் ஹாலர்டௌ தோட்டங்களைச் சூறையாடியதும், 1926-இல் அங்கே ஹாப்ஸ் ஆராய்ச்சிக்கென ஒரு சங்கம் நிறுவப்பட்டு, ஹூல் என்ற சிற்றூரில் அதன் பணி நடந்து வந்திருக்கிறது. வேர்வழி புகுந்து கொடியை வாட்டும் வெர்ட்டிசில்லியம் என்ற காளானோ கெண்ட் தோட்டங்களில் ஃபக்கிள் வகையையும் ஹாலர்டௌவில் மிட்டல்ஃப்ரூவையும் பெருமளவில் அழித்தது; அதனை எதிர்த்து நிற்பதற்கென்றே 1972-இல் வை கல்லூரி டார்கெட் என்ற வகையை அளித்தது. இவ்வாறு பிறந்த வகைகளில் பல, குடிப்பவரின் நாவைவிட உழவரின் பிழைப்பை முன்னிட்டுத் தோன்றியவை என்பதை மறவாதிருந்தால், அவற்றிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பது தெரியும்.

அமெரிக்கக் காஸ்கேடின் கதையும் இதற்கு அருகிலேயே நிற்கிறது. ஆங்கில ஃபக்கிளும் ருஷ்ய வகையொன்றும் கலந்த வழியில், 1956-இல் ஓரிகன் மாநிலத்து அரசாங்க ஆராய்ச்சியில் சேகரித்த விதையிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு, 1972-இல் வெளியான இவ்வகை, ஐரோப்பிய வாசனை வகைகளுக்கு மாற்றாக உத்தேசிக்கப்பட்டது. அதன் மணமோ ஐரோப்பாவை ஒத்திருக்கவில்லை. பம்ப்ளிமாஸைப் போன்ற ஒரு பழவாசனை அதில் ஓங்கி நின்றது. மாற்றாக அது தோல்வியுற்றிருக்கலாம். ஆனால் 1975-இல் ஸான் பிரான்ஸிஸ்கோவின் ஆங்கர் நிறுவனமும், 1980-இல் ஸியரா நெவாடா நிறுவனமும் அந்தப் பழவாசனையையே முன்னிறுத்திப் பியர் காய்ச்சியதும், அமெரிக்கச் சிறு பியர்த் தொழிற்சாலைகளின் பியருக்கு ஒரு தனி முகம் கிடைத்தது. 1990-இல் கலந்து உண்டாக்கிய சிட்ரா வியாபாரத்துக்கு வந்தது 2008-ஐ ஒட்டித்தான் என்பதிலிருந்து, ஒரு நாற்று நம்பத்தக்க வகையாக எத்தனை காலம் பிடிக்கிறது என்பதை ஊகிக்கலாம்.

பரிமளத்தைப் பற்றிய விசாரணை கசப்பைவிட நுட்பமானது. எண்ணெயில் நூற்றுக்கணக்கான சேர்மங்கள் இருந்தாலும், பிசின்மணமுள்ள மிர்சீன், மூலிகைமணமுள்ள ஹ்யூமுலீன், காரமணமுள்ள கேரியோஃபிலீன் ஆகியவை பெரும்பங்கு. அளவில் சிறியவையாயினும் பூமணம் தரும் லினலூலும் ரோஜாமணம் தரும் ஜெரானியோலும் பியரில் அதிகம் புலப்படுவன. மிர்சீன் கொதியின் ஆவியோடு வெளியேறிவிடும். ஆகவே, ஒரு மணி நேரம் கொதிக்கவிருக்கும் ஹாப்ஸுக்கு வாசனை வர்ணனை பார்த்து விலை கொடுப்பதும், இறக்கியபின் இடவிருக்கும் ஹாப்ஸுக்கு ஆல்ஃபா எண்ணைப் பார்த்து மகிழ்வதும் பயன் தராதவை. ரசத்தில் மிளகு கொதிக்கும்போதே சேர, கொத்தமல்லித் தழை இறக்கும் சமயத்தில் விழுவது எதற்காகவோ, அதற்காகவே ஹாப்ஸும் பல பொழுதுகளில் பிரிந்து விழுகிறது: கொதியின் தொடக்கத்தில் கசப்புக்கு, கடைசிப் பத்து நிமிஷங்களில் ருசிக்கு, அடுப்பணைத்து வெப்பம் 80 டிகிரியளவுக்குத் தணிந்தபின் வாசனைக்கு, நொதித்து முடிந்த பியரில் கொதிக்காமலே இடுவது புதுமணத்துக்கு.

இக்கடைசி முறை, உலர் ஹாப்ஸ் இடுதல் என்று வழங்குவது, இங்கிலாந்தில் பழைய பழக்கம். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் பல மாதங்கள் பயணப்பட்ட வெளிறிய ஏல் என்னும் பியரின் பீப்பாய்களில், கசப்புக்குக் கெண்ட் ஹாப்ஸ் தாராளமாகக் கொதித்ததோடு, பீப்பாயிலும் ஒரு பிடி ஹாப்ஸ் விழுந்தது. லண்டனின் போ பகுதியிலிருந்த ஹாட்ஜ்ஸன் தொழிற்சாலையிடமிருந்து 1820-களில் அவ்வியாபாரத்தைக் கைப்பற்றிய பர்ட்டன் ஊராருக்கு, ஸல்ஃபேட் மிகுந்த அவ்வூர்க் கிணற்று நீர் பெருந்துணையாயிற்று. அத்தகைய நீரில் ஹாப்ஸ் கசப்பு கூர்மையாகவும் உலர்ந்ததாகவும் எழும். உலர் ஹாப்ஸில் ஒரு மறைவான விளைவும் உண்டு. கூம்பிலுள்ள நொதிப்பொருள்கள் பியரில் எஞ்சிய சர்க்கரைத்தொடர்களைச் சிதைத்து மீண்டும் நொதிப்பைத் தூண்டுகின்றன என்று 1893-ஆம் ஆண்டிலேயே பிரௌன், மாரிஸ் என்ற இருவர் எழுதியிருந்தும், அமெரிக்கச் சிறு பியர்த் தொழிற்சாலைகள் உலர் ஹாப்ஸை மிதமிஞ்சி இடத் தொடங்கிய பின்னரே அது மறுபடி பேசப்பட்டது. மணத்துக்காக வாங்கும் வகை பியரின் இனிப்பையும் சாராய அளவையும் மாற்றக்கூடும் என்பதைத் தேர்வில் கணக்கிட்டேயாக வேண்டும்.

நீரைப் பற்றிச் சொன்னதற்கு எதிர்க்கோடியில் நிற்பது செக் நாட்டுப் பில்ஸன் நகரம். உப்புக்கள் மிகச் சொற்பமான அந்நகர நீரில், 1842-இல் பவேரியரான யோசஃப் கிரோல் காய்ச்சிய பொன்னிற லாகருக்குச் சாட்ஸ் ஹாப்ஸே இசைந்தது. மேன்மை வகைகள் என்று மரபாகப் போற்றப்படும் சாட்ஸ், ஸ்பால்ட், டெட்னாங், மிட்டல்ஃப்ரூ ஆகிய நான்கிலும் ஆல்ஃபா அமிலமும், பிசினின் மற்றொரு கூறாகிய பீட்டா அமிலமும் ஏறக்குறையச் சமம். எண்ணெயில் மிர்சீன் குறைவு, ஹ்யூமுலீன் மிகுதி. அவற்றின் மணம் தனித்து ஓங்காமல் மால்ட்டின் மணத்தோடு ஒன்றிப்போகும். சாட்ஸ் விளையும் ஷாடெட்ஸ் நகரில், கரெல் ஓஸ்வால்ட் 1920-களின் பிற்பகுதியிலிருந்து கொடிகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, 31, 72, 114 என்று எண்ணிட்ட மூன்று கிளைகளைப் பிரித்தெடுத்துப் பரப்பினார். ஹாப்ஸ் விளைந்து, உலர்ந்து, மூட்டையாகிய அந்நகரையும் அதன் நிலப்பரப்பையும் யுனெஸ்கோ 2023-இல் உலகப் பாரம்பரியமாக ஏற்றது மிகத் தகும்.

பெயரை நம்பி வாங்குவதில் உள்ள அபாயத்துக்கு ஸ்லோவேனியாவின் ஸ்டிரியன் கோல்டிங் தக்க சான்று. அது பிறப்பால் கோல்டிங் அன்று. ஆங்கில ஃபக்கிளே அம்மண்ணில் வேரூன்றி அப்பெயர் பூண்டது. கெண்ட் கோல்டிங் கிடைக்காதபோது பெயர்ப் பொருத்தம் கருதி இதனை இடுபவர் ஏமாறுவார். பெயர் மெய்யாக இருந்தாலும் மண்ணும் ஆண்டும் வேறுபடும். அமெரிக்காவின் யாகிமா பள்ளத்தாக்கில் விளைந்த காஸ்கேடும் ஜெர்மனியில் விளைந்த காஸ்கேடும் மணத்தில் ஒன்றல்ல. ஒரே தோட்டத்திலும் சில வகைகளை ஒரு வாரம் தாமதித்துப் பறித்தால் பழமணம் போய் வெங்காய, பூண்டு நாற்றம் தலைகாட்டும். பறித்த கூம்பில் முக்கால் பங்குக்கு மேல் நீராதலால் அறுபது டிகிரியளவு சூட்டில் உலர்த்திப் பத்தில் ஒரு பங்குக்கு ஈரத்தைக் கொண்டுவர வேண்டும். சூடு கூடினால் எண்ணெய் போய்விடும். பிறகு காற்றும் வெப்பமும் பகை. அறைச்சூட்டில் ஆறு மாதம் கிடந்தால் காஸ்கேட் தன் ஆல்ஃபா அமிலத்தில் ஏறக்குறையப் பாதியை இழக்க, மாக்னம் நான்கில் மூன்று பங்குக்கு மேல் காத்துக்கொள்ளும். குளிர்பதன வசதி குறைந்த இடத்தில் காய்ச்சுவோருக்கு இந்த ஒரு வேறுபாடே மற்றெல்லா வர்ணனைகளையும்விடப் பெறுமதியுள்ளது.

இவற்றையெல்லாம் சீர்தூக்கி நான் கொண்ட முடிவுகளைச் சொல்கிறேன். வாசனையைப் பின்னால் இடும் ஏல் வகைகளில், முதற்கொதிக்கு மாக்னம் போன்ற அடக்கமான, அமிலம் மிகுந்த வகை போதும். பொன்னிற லாகரில் கசப்புக்கும் மேன்மை வகைகளையே இடுவது, செலவானாலும், தகும். ஆங்கிலப் பிட்டர் பியருக்குக் கோல்டிங்கும் ஃபக்கிளும் உள்ளவரை வேறெதையும் தேட வேண்டியதில்லை. கிராம்பும் வாழைப்பழமும் மணக்கும் பவேரியக் கோதுமைப் பியரில் ஈஸ்ட்டுக்கே முதலிடமாதலால், அங்கே ஹாப்ஸ் ஒதுங்கி நிற்க வேண்டும். சிட்ராவை அதில் இடுவது இரண்டையும் கெடுக்கும். ஒரே பியரில் ஐந்தாறு வகைகளைக் கலப்போர் இன்று பலர். மூன்றுக்கு மேற்பட்டால் எது எதைச் செய்தது என்று சோதிக்க இயலாது போவதால், அதனை நான் ஆதரிக்கமாட்டேன். புது வகையொன்றை அறிய விரும்புவோர், எளிய மால்ட்டில் அதனை ஒன்றையே எல்லாப் பொழுதிலும் இட்டுக் காய்ச்சிப் பார்ப்பதும், வாங்குமுன் கூம்பை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பார்ப்பதும் எந்தத் தாளையும்விட அதிகம் கற்பிக்கும்.

பழைய வகையையே பற்றி நிற்போருக்கும் தேர்வு முடிந்துவிடவில்லை. ஐரோப்பாவின் கோடை சூடேறி வறள்வதால், மேன்மை வகைகளின் ஆல்ஃபா அமிலம் 2050-க்குள் நூற்றுக்கு 20 முதல் 31 பங்கு குறையக்கூடும் என்று 2023-இல் வெளியான ஆராய்ச்சியொன்று கணித்திருக்கிறது. நான்கு சதவீதம் மூன்றாகக் குறைந்தால், முன் சொன்ன இருபது லிட்டருக்கு 50 கிராம் சாட்ஸ் போதாது, 67 கிராம் வேண்டும். அந்தப் பதினேழு கிராமோடு இலைப்பொருளும் பாலிபீனாலும் துவர்ப்பும் கூடவே ஏறும். அப்போது பில்ஸன் பியரின் ருசியைக் காக்க விரும்புவோர், கூடுதல் கூம்பையிட்டுத் துவர்ப்பை ஏற்பதா, முதற்கொதியில் ஒரு பகுதியை மாக்னத்துக்கு விட்டுச் சாட்ஸைப் பின்பொழுதுக்குச் சேமிப்பதா, வறட்சி தாங்கும் புதிய சந்ததியொன்றுக்கு அதன் இடத்தைக் கொடுப்பதா என்று ஆண்டுதோறும் நிர்ணயிக்க வேண்டியிருக்கும். இம்மூன்றில் இரண்டாவதே அந்தப் பியரின் மணத்துக்கு ஊறு குறைந்தது என்று நான் கருதுகிறேன். புதிய சந்ததியை வளர்க்கும் பணியோ, ஒரு நாற்றுக்குப் பத்தாண்டுக்கு மேல் பிடிக்குமாதலால், இப்போதே நடந்தாக வேண்டும்.